கதவடைத்த அஞ்சல் நிலையங்கள்

வழிப்போக்கன் ஒருவன் கொடுக்கும் கடிதத்தை வாங்கி, அவன் யார், எவ்வூரான் என்று கேளாமல், தன் செலவிலேயே அடுத்த ஊருக்கு அனுப்பி வைக்கும் அஞ்சல் நிலையம் ஒன்று உண்டாயின், உலகம் அதனை முதலில் போற்றும். பின்னர் அதனைக் கொண்டே ஏமாற்றவும் செய்யும். மின்னஞ்சலின் வரலாற்றில் நெடுங்காலம் அத்தகைய நிலையங்களே எங்கும் இருந்தன. அவை தோன்றிய காரணமும், ஒவ்வொன்றாய்க் கதவடைத்த காரணமும் கணினி பயில்வோர் மட்டுமன்றிப் பிறரும் அறியத்தக்கன.

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். அந்நாளில் அவ்வலையில் இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர் அது எனின் மிகையாகாது. சிற்றூரில் திண்ணைக்குப் பூட்டு ஏது?

அஞ்சல் வழங்கிகள் தம்முள் உரையாடுதற்குரிய விதிகளை ஜான் போஸ்டல் என்பார் 1982 ஆகஸ்டில் வகுத்து வெளியிட்டார். எஸ்.எம்.டி.பி. என வழங்கும் அம்முறை இன்றளவும் உயிருடன் உள்ளது. மடலைக் கொணரும் கணினி, அனுப்புநர் இன்னார் என்று முதலில் கூறும். பெறுநர் இன்னார் என்று அடுத்துக் கூறும். அதன்பின் மடலை ஒப்படைக்கும். கூறிய பெயர் மெய்யா பொய்யா என்று ஆராயும் இடம் அவ்வுரையாடலில் இல்லை. எவரும் எவர் பெயரையும் கூறலாம். இதனை வகுத்தவரின் அறியாமை என்று கொள்ளுதல் பிழை. இதே போஸ்டல் 1975-லேயே, வேண்டா மடல்களை மறுத்தற்கு வழங்கிகளிடம் வழியில்லை என்று சிறு குறிப்பொன்றில் எழுதியிருந்தார். 1978 மே மாதத்தில் கேரி தூர்க் என்னும் விற்பனை அலுவலர், தம் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரம் செய்து ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பிக் கண்டனத்துக்கும் ஆளானார். ஆயினும் ஒருவரைக் கடிந்துரைத்தாலே போதும் என்றிருந்த காலம் அது.

அயலார் மடலையும் ஏற்றுக் கடத்தியதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. அன்றைய வலைகள் பலவாய்ப் பிரிந்து கிடந்தன. தொலைபேசிக் கம்பியில் குறித்த நேரத்தில் மட்டுமே இணைந்த கணினிகளும் பல. ஆகவே ஒரு மடல் கைமாறிக் கைமாறியே இலக்கை அடைந்தது. இதனை ஆங்கிலத்தில் ‘ரிலே’ என்பர். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இதே சொல்லுக்கு ‘அஞ்சல் ஓட்டம்’ என்று பெயர் வழங்குவது எத்துணைப் பொருத்தம்! பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983-இல் யூனிக்ஸ் கணினிகளுடன் பரவிய ‘சென்ட்மெயில்’ என்னும் நிரல், இந்த ஓட்டத்தின் தலைசிறந்த வீரனாய் விளங்கியது. யார் கொடுத்தாலும் வாங்குவதும், எங்கு வேண்டுமாயினும் சேர்ப்பதும் அதன் இயல்பு. மறுத்தல் பண்பின்மை எனக் கருதப்பட்டது.

1990-களில் இணையம் வணிகர்க்கும் திறந்துவிடப்பட்டபோது சிற்றூர் பெருநகராயிற்று. விளம்பரக்காரன் ஒருவன் மெதுவான தொலைபேசி இணைப்பை மட்டுமே வைத்திருப்பான். அவன் திறந்து கிடக்கும் வழங்கி ஒன்றைத் தேடி, ஒரு மடலையும் அதனோடு நூறு பெறுநர் பெயர்களையும் கொடுப்பான். அந்த ஒன்றை நூறாக்கும் உழைப்பு வழங்கிக்குரியது. இணைப்புக் கட்டணம் வழங்கியின் உரிமையாளர்க்குரியது. சேரா முகவரிகளிலிருந்து திரும்பி வரும் மடல்களும், சினங்கொண்டோர் எழுதும் வசைகளும் அவர்க்கே உரியன. மடலில் தோன்றுவது அவர் வழங்கியின் பெயரன்றோ! காலையில் அலுவலகம் வந்து, தம் சொந்த மடல்கள் நகர வழியின்றி வரிசையில் முடங்கிக் கிடக்கக் கண்டபோதுதான் பலர் உண்மையை உணர்ந்தனர்.

தீர்வு இரண்டே வினாக்களில் அடங்கியது. பெறுநர் நம்மவரா? இல்லையெனில், கொண்டுவந்தவர் நம்மவரா? இரண்டிற்கும் ‘இல்லை’ என்பது விடையாயின், மடலை வாங்குமுன்பே, பெறுநர் பெயரைக் கூறிய அளவிலேயே, 550 என்னும் எண்ணோடு மறுத்துவிடல் வேண்டும். எளிதாய்த் தோன்றும் இதிலும் இடறியோர் உளர். அனுப்புநர் முகவரி நம்முடையதாயின் நம்மவரே என்று சிலர் விதி அமைத்தனர். பொய்ப்பெயர் கூறத் தெரிந்தவனுக்கு அவ்விதி ஒரு தடையாகுமா? வந்த இணைப்பின் எண்முகவரியையே நோக்குதல் வேண்டும். முகவரிக்குள் விழுக்காட்டுக் குறியிட்டு மற்றொரு முகவரியை ஒளித்து அனுப்பும் பழைய வழக்கமும், காவலை ஏமாற்றும் புறவழியாயிற்று.

1998-இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9 ஆம் பதிப்பு பெருமாற்றம் ஒன்றைச் செய்தது. அதுவரை கதவை அடைக்க விரும்பியவரே முயன்று விதி எழுத வேண்டியிருந்தது. அதன்பின் திறக்க விரும்புபவரே எழுத வேண்டியதாயிற்று. நிரலின் இயல்பு நிலை மாறிய இந்நிகழ்வே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். பெரும்பாலோர் இயல்பு நிலையைத் தொடுவதே இல்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் சுவீடன் நாட்டுச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குன்னார் லின்ட்பெர்க், வழங்கிகள் கைக்கொள்ளத்தக்க காவல் நெறிகளைத் தொகுத்து வெளியிட்டார். வெளியூர் சென்ற நம்மவரை அறிவது எங்ஙனம் என்ற சிக்கலுக்கு, மார்ச்சில் வெளியான கடவுச்சொல் முறை விடையாயிற்று.

அறிவுரை கேளாதோர்க்குத் தண்டனையும் வந்தது. பால் விக்சி என்பார் 1997-இல் தொடங்கிய கரும்பட்டியலைத் தொடர்ந்து வேறு பட்டியல்களும் தோன்றின. பட்டியலில் ஏறிய வழங்கியின் மடலைப் பிற வழங்கிகள் வாங்கா. இங்குதான் ஜான் கில்மோர் குறிப்பிடத்தக்கவர். இணைய உரிமைக்காகப் போராடும் அமைப்பொன்றை நிறுவியோருள் ஒருவராகிய அவர், பயணம் செய்யும் நண்பர்க்கு உதவும் பொருட்டுத் தம் வழங்கியை அறிந்தே திறந்து வைத்திருந்தார். 2001-இல், அவருக்கு இணைப்பு வழங்கிய நிறுவனம் அவருடைய வெளிச்செல்லும் மடல்களைத் தடுத்தது. தீயோன் செயலுக்காக நல்லோன் கதவை ஏன் அடைக்க வேண்டும் என்ற அவர் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அத்திறந்த கதவின் வழியே சென்ற குப்பை வந்து குவிந்தது அவர் முற்றத்தில் அன்று, பிறர் முற்றத்தில்.

கதவுகள் அடைபடவே, விளம்பரக்காரர் நச்சு நிரல்களால் இல்லக் கணினிகளைக் கைப்பற்றி, அவற்றின் வழியே அனுப்பத் தலைப்பட்டனர். திறந்த வழங்கிகளைப் பட்டியலிட்டுவந்த ஓ.ஆர்.டி.பி. என்னும் அமைப்பு, தன் பணி பயனற்றதாயிற்று என்று கூறி 2006 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதன் பெயரைத் தம் அமைப்புக் கோப்பிலிருந்து நீக்க மறந்தோர் பலர். 2008 மார்ச்சில் அம்முகவரி, தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு வழங்கிக்கும் ‘ஆம், இது திறந்ததே’ என்று விடையளிக்கத் தொடங்கிற்று. மறந்தோரின் வழங்கிகள் அதனை நம்பி, அன்று வந்த மடல் அனைத்தையும் திருப்பி அனுப்பின.