மூன்று அப்துல் அஸீஸ்கள்



தரம் 11 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், ஸாஹிரா அதிபர் அஸீஸும் தோட்டத் தொழிற்சங்க அஸீஸும் ஒரே ஆளா?" நியாயமான சந்தேகம்தான். இருவரும் ஒரே காலத்தவர்கள், இருவரும் அரசியலில் இருந்தவர்கள். ஆனால் ஒரே ஆள் இல்லை. அவர்களுக்கு முன்னால் இன்னுமோர் அஸீஸும் இருந்தார்.

மூவரின் பெயரும் அப்துல் அஸீஸ்தான். 'அல் அஸீஸ்' அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. அதனால் உலகம் முழுக்க இந்தப் பெயர் உண்டு. உஸ்மானிய சுல்தானுக்கும் இருந்தது, சவூதியை உருவாக்கிய மன்னருக்கும் இருந்தது. நம் நாட்டு மூவரை நான் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் யார் என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்களே, அதற்கு இவர்கள் மூவரிடமும் மூன்று விதமான பதில் இருக்கிறது.

முதலாமவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை வாசித்தார். சோனகருக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற பேச்சு நடந்த காலம் அது. அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார். மொழி ஒன்றாக இருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது என்பது அவர் வாதம்.

இரண்டாமவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது சுவாமி விபுலானந்தரோடு பழகினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். முஸ்லிம் என்பதிலும் குறைவில்லை, தமிழிலும் குறைவில்லை. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இவர்தான் நெருக்கம்.

மூன்றாமவர்தான் நம் மலைநாட்டு அஸீஸ். இந்தியாவிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தவர். தாய்மொழி தமிழல்ல. அப்படிப்பட்டவர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவரானார், கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளருக்காகப் பேசினார். முதலாவது பாராளுமன்றத்தில் நம் தலவாக்கலைக்கு சி.வி. வேலுப்பிள்ளை இருந்தார், மஸ்கெலியாவுக்குப் பின்னர் அஸீஸ் வந்தார். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1952 தேர்தலில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதில் தப்பவில்லை, 1949இல் வந்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' சட்டம்தான். பிறகு தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். அந்தப் பிளவால் தொழிலாளரின் பலம் குறைந்தது என்பது என் அபிப்பிராயம். கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

ஒன்று கவனியுங்கள். முதல் இருவரும் சொந்த சமூகத்துக்காக எழுதினார்கள், உழைத்தார்கள். இவர் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களே அல்லர். ஆனாலும் ஸாஹிரா அஸீஸைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியவில்லை, இவர் கூட்டம் பேசியது இந்த மலைகளில்தான் என்றாலும்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கம் அவருடைய சங்கத்தில் இருந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பழைய சந்தா அட்டை, படம், துண்டுப்பிரசுரம் ஏதாவது கிடைத்தால் கீழே போடுங்கள். அடுத்த தவணைக்குப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.