கட்டம் கட்டமாகத் தெரிந்த ஜப்பான்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு ஒரு ஜன்னல் நன்றாக நினைவிருக்கும். கன்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பகுதியைத் திறந்தால் இரண்டு டிக் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேல் பெட்டியில் டிக் அடித்தால் தமிழ், இந்தி, அரபி, தாய் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும். அதற்கு 10 எம்பி இடம் போதும். கீழ்ப் பெட்டி சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு. அது 230 எம்பி கேட்கும். இரண்டுக்குமே எக்ஸ்பி சிடி வேண்டும். சிடி யாரிடம் இருக்கும்? பிரவுசிங் சென்டர் ஓனரிடமே பல சமயம் இருக்காது, கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவரிடம்தான் இருக்கும்!

தமிழ்த் தளம் படிக்க ஆசைப்பட்டு மேல் பெட்டியில் டிக் அடித்தவர்கள் நிறைய பேர். அதே ஜன்னலில் கீழ்ப் பெட்டியிலும் டிக் அடித்தது ஒரு சின்னக் கூட்டம். ஜப்பானிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாமல், ஜப்பானியர்கள் படம் வரைந்து போடும் தளங்களுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அமெரிக்கா, பிரேசில், பிலிப்பைன்ஸ், இந்தியா என்று எல்லா இடத்திலும் இருந்தார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நம்மூர்ப் பக்கம் இதற்கு இரண்டு விஷயங்கள் உதவின. அனிமேக்ஸ் சேனல் 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் வந்தது. முதலாவது ஆசையைக் கொடுத்தது, இரண்டாவது வழியைக் கொடுத்தது. மொழியை முறையாகப் படிக்கலாமே என்றால், தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் பெற்ற இடம் சென்னையில் இருக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய். ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர் தள்ளி. படம் பார்ப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் பஸ் ஏற மாட்டார்கள், இல்லையா?

எழுத்து தெரிவதே முதல் சண்டை. ஜப்பானிய எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு 1978-லேயே ஒரு தரம் போட்டார்கள். பின்னால் வந்த திருத்தங்களுக்குப் பிறகு அதில் காஞ்சி எழுத்துகள் மட்டும் 6,355. (நம் 247-ஐ வைத்துக்கொண்டே நாம் புலம்பினோம்.) ஆனால் அந்த ஒரே பட்டியலை இணையத்தில் அனுப்ப ஷிஃப்ட்-ஜிஸ், ஈயூசி, ஐஎஸ்ஓ-2022 என்று மூன்று வழிகள். தளம் ஒரு வழியில் அனுப்ப, பிரவுசர் இன்னொரு வழியில் படித்தால் திரை முழுக்கக் குப்பை. ஜப்பானியர்கள் இதற்கு 'மோஜிபாகே' என்று பெயர் வைத்தார்கள். மோஜி என்றால் எழுத்து, பாகே என்றால் உருமாறுவது. பேய்க்கு அவர்கள் சொல்லும் 'பாகேமோனோ'வில் இருப்பதும் அதே பாகேதான்.

தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. டிஸ்கி ஒரு பக்கம், 1999 சென்னை மாநாட்டில் வந்த டாம், டாப் இன்னொரு பக்கம், ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தனி ஃபான்ட் வேறு. 'கட்டம் கட்டமாகத் தெரியுது' என்ற வாக்கியத்தைச் சொல்லாத தமிழ் இணையவாசி அந்தக் காலத்தில் உண்டா? என்கோடிங் மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வித்தை தமிழ் வாசகருக்குக் கைவந்த கலை. அதே மெனுவில் கொஞ்சம் தள்ளி 'ஜப்பானியம்' இருந்தது, அவ்வளவுதான்.

எழுத்து தெரிந்த பிறகு? இங்கேதான் சுவாரசியம்.

ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்துகள். அதில் கதகானா என்பது பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களை எழுதுவதற்கானது. அடிப்படை எழுத்துகள் 46. இரண்டு வாரம் உட்கார்ந்தால் மனப்பாடம் ஆகிவிடும். ஆனதும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். தளத்தில் இருக்கும் பாதிப் பட்டன்கள் ஆங்கிலம்! 'ரோகுஇன்' என்றால் லாகின். 'புக்குமாக்கு' என்றால் புக்மார்க். 'ரான்கிங்கு' ரேங்கிங், 'தாகு' டேக், 'இராசுதோ' இல்லஸ்ட்ரேஷன். 'ன்' தவிர வேறு மெய்யில் முடியும் சொல்லை அவர்களால் அப்படியே விட முடியாது, கடைசியில் ஓர் உயிரைச் சேர்த்தாக வேண்டும். பேங்க்கை 'பேங்கு' என்றும் பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் சொல்லும் ஊரில் வளர்ந்தவருக்கு இது புரியாமல் போகுமா? ஆங்கிலேயர்களைவிட நமக்கே இது சுலபம்.

காஞ்சிதான் கஷ்டம். அதை யாரும் படிக்கவில்லை, அடையாளம் வைத்துக்கொண்டார்கள். பஸ் போர்டைப் படிக்கத் தெரியாத பாட்டி நம்பரையும் கலரையும் வைத்துச் சரியான பஸ்ஸில் ஏறுவதில்லையா, அதே கதை. தேடும் கட்டத்துக்கு வலப்பக்கம் இருக்கும் இரண்டு எழுத்து 'தேடு'. பக்கத்தின் அடியில் வலது ஓரம் இருப்பது 'அடுத்து'. படிவத்தின் கடைசியில் இரண்டு பட்டன் இருந்தால் முதலாவது 'அனுப்பு' என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை பொய்த்து, அரைமணி நேரம் நிரப்பிய படிவம் மொத்தமும் அழிந்து போவதும் உண்டு. ஆர்-18 என்ற குறிக்கு மட்டும் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை :-)

கருவிகளும் வந்தன. மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991-லேயே ஒரு ஜப்பானிய-ஆங்கில அகராதிக் கோப்பைத் தொடங்கி இலவசமாகக் கொடுத்தார். பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸில் மவுஸை ஒரு சொல்லின்மேல் வைத்தால் அர்த்தம் காட்டும் நீட்சிக்குப் பின்னால் இருந்தது அவருடைய அகராதிதான். 1997-ல் வந்த ஆல்டாவிஸ்டாவின் பேபல்ஃபிஷ்ஷும் இருந்தது. அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பு மொழிபெயர்ப்பை வைத்தே ஒருவர் சரித்திரம் படைத்தார்.

அவர் கிறிஸ்டோபர் பூல். நியூயார்க்கில் 15 வயதுப் பையன். 2001-ல் தொடங்கிய ஃபுதாபா சேனல் என்ற ஜப்பானியப் படப்பலகை அவருக்குப் பிடித்துப் போனது. பெயர் இல்லாமல் யாரும் படம் போடலாம் என்ற ஏற்பாடு. அதன் நிரலை எடுத்து, அதிலிருந்த ஜப்பானிய வாசகங்களை பேபல்ஃபிஷ்ஷில் போட்டு ஆங்கிலமாக்கி, 2003 அக்டோபர் 1 அன்று ஃபோர்சான் என்று தனித் தளம் தொடங்கினார். ஆங்கில இணையத்தின் நகைச்சுவையில் பாதி அங்கிருந்து வந்தது என்பார்கள். அசிங்கத்திலும் பெரிய பங்கு அங்கிருந்துதான். எது எப்படியோ, மொழி தெரியாத ஒரு பள்ளி மாணவர் வாசகத்தைக் கொண்டுவந்துவிட்டார். அந்த இடத்தின் பழக்கவழக்கத்தை பேபல்ஃபிஷ் கொண்டுவராது.

பழக்கவழக்கம் என்று ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பெரிய தளங்கள் வருவதற்கு முன் ஜப்பானிய ஓவியர்கள் தனித்தனி வீட்டுப் பக்கங்களில்தான் படம் போட்டார்கள். அந்தப் பக்கங்கள் பலவும் கண்டுபிடிக்கப்படுவதை விரும்பாதவை. 'கென்சாகு-யோகே' என்று அதற்கு ஒரு சொல்லே உண்டு. தேடுபொறிக்கு அகப்படாமல் ஒளிவது என்று பொருள். முதல் பக்கத்தில் உள்ளே போகும் லிங்க்கை ஒளித்து வைப்பார்கள், விதிகளைப் படித்தவருக்குத்தான் அது கிடைக்கும். சிலர் ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் பாஸ்வேர்டாக வைப்பார்கள்.

இது திமிர் இல்லை, பயம். அவர்கள் வரைந்ததில் பெரும்பகுதி பிரபல காமிக்ஸ், விளையாட்டுப் பாத்திரங்கள். சட்டப்படி அது இன்னொருவர் சொத்து. ஆனால் ஜப்பானில் இந்த மாதிரி வழக்குக்கு உரிமையாளர் புகார் கொடுக்க வேண்டும். பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டன. அந்தக் கண்டுகொள்ளாமைதான் மொத்தத்துக்கும் அஸ்திவாரம். 1999-ல் போக்கிமானை வைத்து ரசிகர் இதழ் போட்ட ஒரு பெண் நிண்டெண்டோவின் புகாரில் கைதானார். அந்தச் செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சத்தம் போடாமல் இருந்தால் பிழைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

2007 செப்டம்பர் 10 அன்று டோக்கியோவில் பிக்சிவ் தொடங்கியது. சிதறிக் கிடந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். டேக் போட்டுத் தேடலாம், மதிப்பெண் போடலாம். அன்று தளம் முழுக்க ஜப்பானியம். உறுப்பினர் ஆகாமல் படத்தைப் பெரிதாகப் பார்க்க முடியாது. உடனே வெளிநாட்டு ரசிகர்கள் வழிகாட்டி தயாரித்தார்கள். பக்கத்தைப் படம் பிடித்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, 1 இங்கே பெயர், 2 இங்கே ஈமெயில், 3 இதை அழுத்து என்று. அந்த அம்புகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்கள் ஏராளம். கதவைத் திறக்க மட்டுமே அம்பு இருந்தது. உள்ளே ஓவியர் தன் படத்துக்குக் கீழேயும் அறிமுகத்திலும் எழுதி வைத்த வரிக்கு யாரும் அம்பு போடவில்லை.

அந்த வரி 'முதான் தென்சாய் கின்ஷி'. அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் போடாதே. ஆறே எழுத்து. அதன் கடைசி இரண்டு எழுத்தான 'கின்ஷி' ஜப்பானியத் தெருக்களில் 'வண்டி நிறுத்தாதே' பலகையிலும் இருக்கும். தேடு, அடுத்து, புக்மார்க் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்யவில்லை. படத்தை எடுக்க அது தேவைப்படவில்லையே. இறக்கினார்கள், தங்கள் ஊர்த் தளங்களில் ஏற்றினார்கள், வரைந்தவர் பெயர் படிக்க முடியாததால் பெயர் இல்லாமலே. ஒளிந்து வாழ்ந்த படம் ஒரே வாரத்தில் உலகம் சுற்றியது. பெயரில்லாமல் ஃபார்வர்டு மெயிலில் திரும்பி வந்த தன் கட்டுரையைப் பார்த்த தமிழ்ப் பதிவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஆனால் ஜப்பானிய ஓவியருக்கு எரிச்சலோடு பயமும் சேர்ந்திருந்தது.

எதிர்வினை பல விதம். சிலர் படத்தின் நடுவிலேயே பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். சிலர் சின்ன அளவில் மட்டும் ஏற்றினார்கள். சிலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார்கள். வழிகாட்டி எழுதியவர்களிலும் சிலர் பிறகு அந்த ஆறு எழுத்தைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓவியரிடம் அனுமதி கேட்பதற்கு ஜப்பானியத்தில் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பச் சொன்னவர்களும் உண்டு.

பிறகு பிக்சிவ்வே ஆங்கிலம், சீனம், கொரியம் என்று பட்டன்களை மாற்றிக் கொடுத்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 ஜூனில் தமிழும் சேர்ந்தது. பட்டன்கள் மொழிபெயர்ந்தன, ஓவியர்கள் எழுதிய அறிமுகங்கள் அப்படியேதான் இருந்தன. அதனால் பல ஓவியர்கள் தாங்களே உட்கார்ந்து, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையோடு, அந்த ஒரு வரியை மட்டும் அறிமுகத்தின் முதல் வரியாக எழுதி வைத்தார்கள்.