வாங்கிய கடனும் மாறிய விதியும்



அமெரிக்காவில் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. "வாங்கியவர்தானே கட்ட வேண்டும்?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஆனால் கொஞ்சம் வரலாற்றையும் பார்ப்போம்.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா ஆடிப்போனது. மறு ஆண்டே அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. படித்து முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியரானால் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் 5 ஆண்டுகளில் பாதிக் கடன் ரத்து. ஆக, தள்ளுபடி நேற்று முளைத்த யோசனை அல்ல.

2007இல் வந்த சட்டமும் அதே வழிதான். பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினால் மீதிக் கடன் நீங்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வியாபாரத்தில் நொடித்தவர் திவால் மனு கொடுத்துக் கடனிலிருந்து மீளலாம். கல்விக் கடனுக்கு 1976இல் அந்தக் கதவைப் பாதி சாத்தினார்கள். முதல் 5 ஆண்டுகளுக்கு, மிகுந்த இன்னலை நிரூபித்தால் தவிர, விடுதலை இல்லை. 1998இல் அந்தக் கால வரம்பையே எடுத்துவிட்டார்கள். முன்பே கடன் வாங்கியிருந்தவர்களையும் இது கட்டியது.

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் 10,000 டாலர் வரையும், பெல் உதவித்தொகை பெற்ற ஏழை மாணவர்களுக்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை நிறுத்தியது. அரசுக்கு அந்த அதிகாரத்தைச் சட்டம் தரவில்லை என்றது தீர்ப்பு. நியாயமா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்தவரின் மனக்குறை பொய்யல்ல. கல்லூரி வாசலையே மிதிக்காமல் வரி கட்டும் தொழிலாளியின் கேள்வியும் பொய்யல்ல. அதனால்தான் 1958, 2007 சட்டங்கள் எனக்கு நியாயமாகப் படுகின்றன. அவை நிபந்தனையை முன்பே சொல்லிவிட்டு, சேவைக்கு ஈடாகக் கடனைக் குறைத்தன.

ஆனால் சொன்ன சொல் காப்பது கடன் வாங்கியவருக்கு மட்டும் உள்ள கடமையா? பாதி வழியில் விதியை மாற்றிய அரசுக்கும் அது உண்டு. பொறுப்பு என்பது இரு கை ஓசை, பிள்ளைகளே.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.