உலகம் உடுத்த நீலம்

சோழநாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்து, கோடியக்கரையில் மேற்கே திரும்புகிறது. கோடி என்றால் முனை. அம்முனையில் நின்று கடலின் நீலத்தைக் கண்டு வியக்காதார் இலர். ஆயினும், இம்முனைக்கு வடக்கே நீண்டு கிடக்கும் சோழமண்டலக் கரையின் மக்கள் அந்நீலத்தைத் துணியில் ஏற்றும் வித்தையில் வல்லவராயிருந்தனர் என்பதையும், அத்துணி கடல் கடந்து உலகெங்கும் சென்றது என்பதையும் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அந்நீலத்தின் பிறப்பிடம் அவுரி என்னும் சிறு செடி. அதன் இலை பச்சை, பூ இளஞ்சிவப்பு, நீலம் எங்கும் தென்படாது. இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்க விடுவர். பின்னர் அந்நீரை வேறொரு தொட்டியில் இறக்கி அடித்துக் கலக்குவர். காற்றுக் கலக்கக் கலக்க, மஞ்சள் கலந்த பச்சையாயிருந்த நீர் நீலமாகும். நீலம் வண்டலாய் அடியிற் படியும். அதனைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்திக் கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். வங்காளத்தில் பச்சை இலையை ஊறவைத்தனர். சோழமண்டலத்திலோ இலையை வெயிலில் உலர்த்திப் பின்பு ஊறவைக்கும் முறையும் வழங்கியது. எஞ்சிய சக்கை நெல்வயலுக்கு உரமாயிற்று.

நீலக்கட்டி நீரில் கரையாது. ஆகவே, சாயக்காரர் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்து அதனைத் தாழியில் புளிக்க வைத்தனர். அதில் தோய்த்தெடுத்த துணி முதலில் மஞ்சள் பச்சையாகவே வெளிவரும். காற்றுப் பட்டபின் கண்ணெதிரே நீலமாகும். வேதியியல் நூலைக் கண்டறியாத அம்மக்கள், மணத்தாலும் நுரையாலும் தாழியின் பக்குவத்தை அறிந்தனர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான பிளினி, இச்சாயத்தை 'இந்திகம்', அதாவது இந்தியப் பொருள், என்று குறித்தார். 1690இல் டச்சுக்காரர் தம் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். பருத்தித் துணியே அவர்கள் இங்கு நாடிய பெரும் பண்டம். பின்னர்ப் புதுச்சேரியில் சாயமேற்றிய 'கினி' என்னும் நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் பணம் போலவே வழங்கியது.

ஆனால், புகழை மட்டும் கூறுவது வரலாறு ஆகாது. 18ஆம் நூற்றாண்டில் அடிமை வாணிகர் ஆப்பிரிக்க மக்களை வாங்குதற்குக் கொடுத்த பண்டங்களுள் இந்திய நீலத் துணியும் ஒன்று. வங்காளத்தில் அவுரி பயிரிடுமாறு வற்புறுத்திய வெள்ளை முதலாளிகளின் கொடுமை பொறாது 1859இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர்.

இனி, இத்தொழிலின் வீழ்ச்சியைக் காண்போம். 'நீல' என்னும் நம் நாட்டுச் சொல், அரபியர் வழியே சென்று போர்த்துகீசியரிடம் 'அனில்' ஆயிற்று. நீலத்தைக் காய்ச்சி வடித்துப் பெற்ற ஒரு பொருளுக்கு ஐரோப்பிய வேதியியலார் 'அனிலின்' என்று அதனையொட்டியே பெயரிட்டனர். ஜெர்மானிய அறிஞர் அடால்ப் வான் பேயர் 1880இல் நீலத்தைச் செயற்கையாக ஆக்கும் ஒரு வழியைக் கண்டார். மேலும் பலர் உழைத்தபின், 'பாடிஷ் அனிலின் சோடா ஆலை' 1897இல் செயற்கை நீலத்தை விற்பனைக்கு அனுப்பியது. நம் நீலத்தை வீழ்த்திய ஆலையின் பெயரிலேயே நம் நீலம் இருந்தது! அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 19,000 டன்னாயிருந்த இயற்கை நீலம், 1914இல் 1,000 டன்னாகச் சுருங்கியது. இரண்டிலும் உள்ள நீலம் ஒன்றே. அவுரி நிறத்தில் தோற்கவில்லை, விலையில் தோற்றது.

எனினும் அக்கலை மாண்டுவிடவில்லை. ஜப்பானின் தோகுஷிமா வட்டாரத்தார் வேறொரு செடியின் இலையிலிருந்து இதே நீலத்தை எடுத்து, துணிக்கும் கையால் செய்த காகிதத்துக்கும் இன்றும் ஏற்றுகின்றனர். தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கத்தில் அவுரி நீலம் எடுக்கப்படுகிறது. ஆரோவில்லில் பழைய முறையில் சாயம் புளிக்கிறது.

கோடியக்கரையில் கடல்நீரைக் கையில் அள்ளினால் நீலம் இராது. துணியில் நின்ற நீலமோ மனிதர் கைகளால் வந்தது. அதனை ஆக்கியவரையும், அதற்கு விலையாகிப் போனவரையும் சேர்த்து நினைப்பதே வரலாறு கற்றதன் பயன்.