கேமரா முன் கடை விரித்தவர்களின் உடை

1952 ஜூலையில் சிகாகோ நகரில் அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளும் அடுத்தடுத்து மாநாடு நடத்தின. மூன்றில் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டிருந்த காலம். சிபிஎஸ் நிறுவனத்தின் நேரடி ஒளிபரப்புக்கு விளம்பரதாரர் வெஸ்டிங்ஹவுஸ். தலைவர்கள் பேசி ஓய்ந்த இடைவெளிகளில் எல்லாம் திரைக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காட்டியவர் பெட்டி ஃபர்னஸ் என்ற நடிகை. மேடையேறிய பல தலைவர்களைவிட அவர் முகம்தான் மக்களுக்கு நன்றாகப் பதிந்தது.

அவர் இந்த வேலைக்கு வந்தது 1949-இல். 'ஸ்டூடியோ ஒன்' என்ற நாடகத் தொடரில் நடிக்க வந்தவர், இடையில் வரும் விளம்பரத்தையும் பேசிக் கொடுத்தார். அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. அடுப்பு, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம் விற்கும் பெண் என்றால் இடுப்பில் ஏப்ரன் கட்டிய இல்லத்தரசியாகத் தோன்ற வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஃபர்னஸ் ஏப்ரன் கட்ட மறுத்தார். வெளியே போகும்போது எப்படி உடுத்துவாரோ அப்படியே, தானே தேர்ந்தெடுத்த நாகரிக உடையில் வந்து நின்றார். நான் இந்தப் பொருளை உங்களுக்கு விளக்க வந்தவள், உங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பவளாக நடிக்க வந்தவள் அல்ல என்பதை அந்த உடையே சொல்லிவிட்டது. தொலைக்காட்சியில் விற்பவர் என்ன உடுத்த வேண்டும் என்ற விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடையாது.

உடை விஷயத்தில் முதல் சட்டங்களைப் போட்டது கேமராதான். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கேமராக் குழாய்களுக்குப் பளிச்சென்ற வெள்ளை ஆகாது. வெள்ளைச் சட்டையைச் சுற்றிக் கருநிழல் விழும், முகம் இருண்டுபோகும். அதனால் ஆண்கள் வெளிர்நீலச் சட்டை போட்டு வந்தார்கள். திரையில் அது வெள்ளையாகவே தெரிந்தது. 1953-இல் அமெரிக்கா வண்ண ஒளிபரப்பு முறையை ஏற்றுக்கொண்ட பிறகு வேறு தொல்லைகள் வந்தன. அடர்சிவப்பு தன் விளிம்பைத் தாண்டி வழிந்தது. நெருக்கமான கோடும் சிறு கட்டமும் போட்ட துணி, ஆள் அசையும்போதெல்லாம் வானவில் நிறங்களில் மினுமினுத்தது. பின்னணியை நீலமாகவோ பச்சையாகவோ வைத்து வேறு காட்சியை ஒட்டும் முறை வந்ததும், அந்த நிறத்தில் உடுத்தியவரின் உடம்பு திரையிலிருந்து காணாமல் போனது. கோடில்லாத, மினுக்கமில்லாத, நடுத்தர நிறத்தில் ஒற்றை வண்ணத் துணி என்று இன்றும் ஸ்டூடியோக்களில் சொல்லப்படும் அறிவுரை இந்தத் தொல்லைகளிலிருந்து பிறந்தது.

விற்பனைக்கென்றே தனிச் சேனல் என்ற யோசனை பிறந்தது ஒரு வானொலி நிலையத்தில். 1977-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டரில் ஒரு விளம்பரதாரர், பாக்கிப் பணத்துக்குப் பதிலாக 112 டப்பா திறப்பான்களைக் கொடுத்தார். நிலையத்தின் உரிமையாளர் பட் பாக்ஸன், அவற்றை ஒலிபரப்பிலேயே விற்கும்படி பாப் சர்கோஸ்டா என்ற அறிவிப்பாளரிடம் தந்தார். ஒன்று 9.95 டாலர். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. பாக்ஸனும் அவருடைய கூட்டாளி ராய் ஸ்பியரும் 1982-இல் உள்ளூர் கேபிளில் விற்பனைச் சேனலைத் தொடங்கினார்கள். 1985-இல் அது ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற பெயரில் நாடு முழுவதும் போனது. வானொலியில் குரல் மட்டும் போதுமாக இருந்தது. இப்போது விற்பவரின் கை, கழுத்து, காலர் எல்லாம் பொருளோடு சேர்ந்து திரைக்கு வந்தன.

அந்தச் சேனலின் ஒளிப்பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று கிளம்பியவர் ஜோசப் செகல். அவர் பென்சில்வேனியாவில் தொடங்கிய கியூவிசி சேனல் 1986 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசும் பக்கத்து வீட்டுக்காரரின் தொனி வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. தொனி அப்படி என்றால் உடையும் அப்படித்தான் இருக்க வேண்டும்: பார்ப்பவரிடம் இருக்கக்கூடிய, அவரால் வாங்கக்கூடிய, ஆனால் சுத்தமாக இஸ்திரி போட்ட உடை.

நகை விற்கும் நேரத்தில் இந்த விதிகள் இன்னும் கறாராகின்றன. கேமரா நான்கு விரல்களை மட்டும் திரை நிறையக் காட்டும்போது நகத்தின் ஓரத்தில் உரிந்த பாலிஷ்கூடப் பெரிதாகத் தெரியும். விற்கும் மோதிரத்துக்குப் பக்கத்து விரலில் சொந்த மோதிரம் கிடந்தால், எதற்கு விலை சொல்கிறார்கள் என்று பார்ப்பவர் குழம்புவார். சங்கிலி துலங்க வேண்டுமானால் கழுத்து திறந்திருக்க வேண்டும், துணி அடர்நிறத்தில் பூப்போடாமல் இருக்க வேண்டும். சட்டையில் குத்திய சின்ன மைக்கில் பதக்கம் உரசினால், வீட்டில் கேட்பவர் காதில் கரகரவென்று விழும்.

உடையே விற்பனைச் சரக்கானபோது நிலைமை தலைகீழானது. 1990-இல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் கியூவிசியில் தன் பெயரில் நகை விற்க வந்தார். 1992-இல், உடம்பைச் சுற்றிக் கட்டும் ராப் டிரெஸ்ஸை உலகுக்குக் கொடுத்த டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் பட்டு உடைகளோடு வந்து, இரண்டு மணி நேரத்தில் 12 லட்சம் டாலருக்கு விற்றார். தொலைக்காட்சியில் விற்பது மட்டம் என்று நினைத்திருந்த ஃபேஷன் உலகம் அதன்பிறகு யோசிக்க ஆரம்பித்தது. 1995-இல் வந்த ஜீன் பைஸ் வேறு ரகம். தலையில் எப்போதும் ஒரு துணிப்பட்டை, உடம்பில் மணியும் ஜிகினாவும் தைத்த தன் 'குவாக்கர் ஃபேக்டரி' ஸ்வெட்டர். மினுங்கும் துணி கூடாது என்ற ஸ்டூடியோ விதியை அவர் பொருட்படுத்தவே இல்லை. நடுவயதைத் தாண்டிய, ஒல்லியாக இல்லாத பெண்கள் அவரிடம் தங்களைப் பார்த்தார்கள். தொலைபேசியில் அழைத்தவர்கள் வாத்துபோல 'குவாக்' என்று குரல் கொடுத்துவிட்டே பேச்சைத் தொடங்குவார்கள். 2011-இல் அவர் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது.

ஆண்களில் பில்லி மேஸ். அட்லாண்டிக் சிட்டியின் கடற்கரை நடைபாதையில் கூவி விற்றுப் பழகியவர். கறை நீக்கும் ஆக்ஸிகிளீன் பொடியை வீடுதோறும் தெரியவைத்தவர். நீலச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கறுப்புத் தாடி என ஒரே கோலம்தான் எப்போதும். 2009-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களும் நீலச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாகவே வந்தார்கள். கடைக்காரராகவே வந்து, கடைக்காரராகவே நின்றவருக்குக் கிடைத்த மரியாதை அது.

நேர்மை கெட்ட உடை ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு: டாக்டரின் வெள்ளைக் கோட். ஆரம்பகாலத் தொலைக்காட்சியில் நடிகர்கள் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு மருந்து விற்றார்கள். நோயில் இருப்பவரின் பயத்தைப் பயன்படுத்தும் வேஷம் என்பதால் எதிர்ப்பு வலுத்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்க ஒளிபரப்பாளர் சங்கம் தன் நெறிமுறையில் அதற்குத் தடை போட்டது. 1980-களில் ஒரு இருமல் மருந்து விளம்பரத்தில், தொடர் நாடகத்தில் டாக்டராக நடித்தவர், தான் டாக்டர் இல்லை, டாக்டராக நடிப்பவர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச வேண்டியிருந்தது.

பெட்டி ஃபர்னஸின் கதையும் வாங்குபவரை ஏமாற்றாமல் காக்கும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 1967-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவரை நுகர்வோர் நலனுக்கான தன் சிறப்பு உதவியாளராக நியமித்தார். ஃபிரிட்ஜ் விற்றவருக்கு இந்தப் பதவியா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு நியூயார்க் தொலைக்காட்சியில் நீண்ட காலம் நுகர்வோர் செய்தியாளராக இருந்து, ஏமாற்று வியாபாரங்களை அம்பலப்படுத்தினார்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு டெலிஷாப்பிங் முதலில் டப்பிங் குரலில் வந்தது. வயிற்றைக் குறைக்கும் கருவியை வெளிநாட்டுக்காரர் பனியனோடு காட்டுவார், வாயசைவுக்குப் பொருந்தாத தமிழ் பின்னால் ஓடும். 2008-இல் ஹோம்ஷாப்18 என்ற சேனல் வந்த பிறகு இந்தியாவுக்கென்றே 24 மணி நேர விற்பனைச் சேனல்கள் பெருகின. இன்று அந்த வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. புடவைக்கடைப் பெண்கள் நேரலையில் முந்தானையைத் தோளில் போட்டு, பார்டரை விரலால் நீவிக் காட்டி விற்கிறார்கள். பழைய ஸ்டூடியோவின் சிக்கல்கள் அவர்களுக்கும் உண்டு. பாவும் ஊடும் வேறுவேறு நிறமான மயில்கழுத்துப் பட்டுப்புடவையை வளைய விளக்கின் கீழ் கைபேசி வெறும் நீலமாக்கிவிடுகிறது. விற்பவர் பளீர் மஞ்சளில் நின்றால், தானாக நிறத்தைச் சரிசெய்யும் கேமரா பக்கத்தில் இருக்கும் அரக்கு நிறத்தையும் மாற்றிக் காட்டும். சாம்பல் நிறத்திலோ மங்கிய பருத்தியிலோ உடுத்தி, புடவையை ஒருமுறை வாசல் வெளிச்சத்தில் பிரித்துக் காட்டுகிறவர், வாங்குபவருக்கு நியாயம் செய்கிறார்.

வெள்ளைக் கோட்டும் கைபேசிக்கு வந்துவிட்டது. மூலிகை எண்ணெய், சர்க்கரைக்குப் பொடி, எடை குறைக்கும் பானம் என்று வரிசையாக வரும் காணொளிகளில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சான்றிதழ் பெற்ற மருத்துவ, உடல்நல வல்லுநர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வல்லுநராகக் காட்டிக்கொள்ளும் பிரபலங்கள், இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். கோட்டைப் பார்த்து நம்பி ஏமாந்தவர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுக்கலாம்.