சியால்டா பள்ளியும் அருட்சகோதரி சிரிலும்

கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையம் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் இடம். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் அதன் நடைமேடைகளிலேயே அடுப்பு மூட்டிக் குடியிருந்தன. பிறகு பிழைப்புத் தேடி வந்த கிராமத்தார் சுற்றியுள்ள நடைபாதைகளில் தார்ப்பாயைக் கட்டித் தங்கினர். 1857இல் தொடங்கப்பட்ட லொரேட்டோ பகல் பள்ளி இந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

லொரேட்டோ சபையின் அருட்சகோதரிகள் அயர்லாந்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தது 1841இல். பெண் கல்வியே அவர்கள் பணி. நகரில் அவர்கள் நிறுவிய பள்ளிகள் நல்ல ஆங்கிலக் கல்விக்குப் பெயர்பெற்றன. வசதியுள்ள வீடுகள் தம் பெண்களுக்கு அங்கே இடம் தேடின. அன்னை தெரசாவும் இச்சபையில் சேர்ந்தே இந்தியாவுக்கு வந்து, என்டாலி பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற அழைப்பை உணர்ந்து 1948இல் அவர் மதிலைத் தாண்டி வெளியேறிய வரலாறு நமக்குத் தெரியும். மதிலுக்குள் இருந்தபடியே கதவைத் திறந்துவிட்ட இன்னொருவரின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சிரில் மூனி 1936இல் அயர்லாந்தின் ப்ரே நகரில் பிறந்தவர். 1956இல், இருபது வயதில், இந்தியா வந்தார். லக்னோவில் பணியாற்றினார், விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1979இல் சியால்டா பள்ளியின் முதல்வரானார்.

அப்போது அங்கே கட்டணமின்றிப் படித்த ஏழைப் பிள்ளைகள் ஒரு சிறு பகுதியினரே. புதிய முதல்வர் ஆண்டுதோறும் அந்த எண்ணிக்கையைக் கூட்டினார். பின்னாளில் பள்ளியில் சுமார் 1,400 பேர் படித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டணமில்லாமல் படித்தார்கள். ஏழைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தனியாக அவர் கட்டவில்லை. அதிகாரியின் மகளும் ரிக்‌ஷாக்காரரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் பள்ளியில் சேர்க்கவே முடியாத நிலையிலும் பிள்ளைகள் இருந்தார்கள். குப்பை பொறுக்குவோர், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வோர், எட்டு வயதாகியும் எழுத்தறியாதோர். இவர்களுக்காக 1985இல் தொடங்கியதே 'ரெயின்போ' திட்டம். இந்தச் சிறுமியர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வேலை வந்தால் போகலாம். வருகைப் பதிவேட்டைக் காட்டி யாரும் அவர்களை மிரட்டவில்லை.

நினைத்த நேரத்தில் வந்துபோகும் பிள்ளைக்கு யார் பாடம் சொல்லிக்கொடுப்பது? இதற்கு அவர் கண்ட வழி நிர்வாக நுட்பம் நிறைந்தது. மேற்கு வங்கப் பாடத்திட்டத்தில் 'வேலைக் கல்வி' என்று ஒரு பாடம் உண்டு. தையலுக்கும் கைவேலைக்கும் ஒதுக்கப்பட்ட அந்தப் பாடவேளையில், ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியர் தெருக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று ஆக்கினார். வகுப்புகள் முறைவைத்து வந்ததால், எந்த நேரம் பார்த்தாலும் சிறுமிக்கு ஒரு மாணவி என்ற கணக்கில் கற்பிப்போர் இருந்தார்கள். புதிய ஆசிரியர் நியமனமோ கூடுதல் கட்டடமோ தேவைப்படவில்லை. ஓரளவு தேறியதும், அந்தச் சிறுமியர் தம் வயதுக்கேற்ற வகுப்பில், இதே பள்ளியிலோ அருகிலுள்ள வங்கமொழி, இந்திமொழிப் பள்ளிகளிலோ சேர்க்கப்பட்டனர்.

இரவில் நடைபாதையில் பெண் குழந்தைகளுக்கு என்ன ஆபத்து என்பது தாய்மாருக்குத் தெரியும். அந்தப் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளியின் மேல்தளம் தங்குமிடமாயிற்று. பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விடுதியில் அடைப்பது நோக்கமன்று. குடும்பம் அதே தெருவில்தான் இருந்தது, உறவும் அறுபடவில்லை.

வியாழக்கிழமைகளில் மாணவியர் பேருந்தேறிக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று அங்குள்ள சிறுவர்களுக்குக் கற்பித்தார்கள். வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டு வெளியே தெரியாமல் கிடந்த சிறார்களைத் தேடிப்போய்ப் பழகினார்கள். செங்கற்சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சூளையடியிலேயே வகுப்புகள் நடந்தன. ஆசிரியப் பட்டம் இல்லாத இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து 'வெறுங்கால் ஆசிரியர்கள்' ஆக்கும் திட்டம் ஆயிரக்கணக்கானோரை உருவாக்கியது.

இதனால் பயனடைந்தோர் ஏழைக் குழந்தைகள் மட்டும்தானா என்று கேட்டால், சிரில் அம்மையாரின் முழுப் பணியும் இல்லை என்றே பதில் சொல்லும். பத்து வயதில் ஒரு தெருச் சிறுமிக்கு எழுத்தறிவித்தவள், நடைபாதை வாழ்வை முகமில்லாத ஒரு கூட்டமாக இனிப் பார்க்க மாட்டாள். அவளுக்கு அங்கே பெயர் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கற்பித்தலைப் புண்ணியச் செயலாக ஓய்வு நேரத்துக்குத் தள்ளாமல், பாட அட்டவணைக்குள் வைத்தார் அவர்.

1994இல் யுனெஸ்கோவின் நோமா விருது, 2007இல் பத்மஸ்ரீ என்று பாராட்டுகள் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முதல்வராக இருந்தவர், 2023 ஜூனில் தம் எண்பத்தாறாம் வயதில் கொல்கத்தாவிலேயே காலமானார். ரெயின்போ முறை மற்ற லொரேட்டோ பள்ளிகளுக்கும், பிறகு சென்னை உள்ளிட்ட பிற நகரங்களுக்கும் பரவியது.

2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு 25 விழுக்காடு இடம் தரச் சொன்னது. லொரேட்டோ போன்ற, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எவரும் கட்டாயப்படுத்தாமல், அந்த அளவைப் போல் இருமடங்கைக் கொடுத்துவிட்ட பள்ளி சியால்டாவில் இருந்தது.

பள்ளிகளின் விழா மலர்களில் கட்டடங்களின் பட்டியலும் தேர்ச்சி விழுக்காடும் தவறாமல் இடம்பெறும். அவற்றோடு இன்னொரு பக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்று அருட்சகோதரி சிரிலின் வாழ்வு நம்மைக் கேட்கிறது: நம் மதிலையொட்டி வாழும் குழந்தைகளில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்?