பலகையில் தங்கிய அலை

பைன் மரத்தில் செய்த அலமாரித் தட்டு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே நெருக்கமாக மெல்லிய அலைகள் ஓடும். வார்னிஷ் பூசினால் இன்னும் எடுப்பாகத் தெரியும். கை இழைப்புளி இந்தத் தடத்தை விடுவதில்லை. இழைப்பு மெஷினோடு பிறந்து, அதன் கூடவே கண்டம் விட்டுக் கண்டம் பயணித்த தடம் இது.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் கிடைத்த இழைப்புளிகளை இன்றைய தச்சரும் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார். இழைக்கும் மரத்துக்கும் பழைய வணிகக் கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், ‘கல்லியானா’ துறைமுகத்தின் சரக்குகளாகப் பித்தளையையும் துணியையும் மரக்கட்டைகளையும் குறித்துவைத்தார். அந்தக் கல்லியானாதான் மும்பைக்கு அருகிலுள்ள நம் கல்யாண். உலகுக்கு மரம் அனுப்பிய ஊர் அது.

கையை விட்டு மெஷினுக்கு மாறும் எண்ணம் ரஷ்யாவில் வேலை பார்த்துத் திரும்பிய சாமுவேல் பெந்தம் என்ற ஆங்கிலேயருக்கு வந்தது. 1791இல் இழைப்பு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1793இல் சுழலும் கத்திகளையும் சேர்த்தார். தத்துவஞானியான அண்ணன் ஜெரமி பெந்தம் திட்டமிட்டிருந்த சிறையில், கைதிகளைக் கொண்டு இவற்றை இயக்குவதாக யோசனை. சிறை எழும்பவில்லை, மெஷின் பிழைத்துக்கொண்டது.

1828இல் அமெரிக்கர் வில்லியம் உட்வர்த், பலகையை உருளைகளால் இழுத்துச் சுழலும் கத்திக்கு ஊட்டும் மெஷினுக்கு உரிமை பெற்றார். ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள், வழக்குகள் குவிந்தன. இருமுறை நீட்டிக்கப்பட்ட அந்த உரிமை 1856இல்தான் முடிந்தது. அதன் பிறகு மெஷின் உலகெங்கும் பரவ, அலையும் பரவியது.

அந்த அலை எப்படி விழுகிறது? சுழலும் கத்தி ஒவ்வொரு முறையும் கரண்டியால் அள்ளுவதுபோல் சிறு குழி எடுக்கிறது. நிமிடத்துக்கு 5000 சுற்று, 3 கத்தி, 8 மீட்டர் ஓட்டம் என்றால் அலைக்கு அலை அரை மில்லிமீட்டர்தான்; கண்ணுக்கு உறுத்தாது. ஒரு கத்தி மட்டும் துளி துருத்தி நின்றாலோ, அதன் தடமே மிஞ்சி, இடைவெளி 1.6 மில்லிமீட்டராக விரிந்துவிடும்.

ஒரு காலத்தில் மரம் அனுப்பிய அதே கல்யாணின் ராணுவ முகாமில் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறினார்கள். 1949இல் ராஜாஜி அடிக்கல் நாட்ட, முகாம் உல்லாஸ்நகர் ஆனது. எந்தச் சாமானையும் பார்த்த மாத்திரத்தில் அப்படியே செய்துவிடும் கைகளுக்குப் பேர்போன அந்த ஊரில் மரச்சாமான் கடைகளும் பெருகின. 1996இல் உச்ச நீதிமன்றம் காடு வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட பிறகு, வெளிநாட்டு மரத்தின் தேவை கூடியது. கலிபோர்னியாக் கடற்கரையின் ரேடியாட்டா பைன், நியூசிலாந்தில் தோட்டப் பயிராகி, குஜராத்தின் காண்ட்லா வழியாக இங்கே வந்து சேர்ந்தது. சரக்குப் பெட்டிகளாகவும் பைன் வந்து இறங்குகிறது. பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை அந்தப் பலகைகளில் இருக்கும்.

கூடவே ஆணியும் இருக்கும்! ஒடிந்த ஆணி முனை கத்தியைக் கடித்துவிட்டால், பலகை நெடுகிலும் மயிரிழை போல ஒரு மேடு எழும்பும். மும்பைத் தச்சர், தாம் ‘ரந்தா’ என்று சொல்லும் இழைப்பு மெஷினின் ஒரு கத்தியை மட்டும் சற்றே பக்கவாட்டில் நகர்த்துவார். ஒரு கத்தியின் பல்லை அடுத்த கத்தி மறைத்துவிடும். சீவல் உருளையில் ஒட்டிப் பதிந்தால் மென்மரம் பள்ளமாகும். உறிஞ்சுகுழாய் மாட்டினால் அது குறையும். விழுந்த பள்ளத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டி காட்டினால் நார் உப்பி எழும். மெஷினில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் கொண்டு துடைக்க வேண்டும். நுனி குழியாமலிருக்கப் பலகைகளை ஒன்றன் வாலில் ஒன்று முட்டவைத்து விடுவார்கள். மழுங்கிய கத்தியோ வெளிறிய மென்வளையங்களை நசுக்கிவிடும். மழைக்கால ஈரத்தில் அவை மறுபடி எழும்பும்.

சிறு சதுரக் கத்திகள் பதித்த சுருள் உருளைகள் இன்று வந்திருக்கின்றன. ஒரு கத்தி பழுதானால் அதை மட்டும் திருப்பி வைத்தால் போதும். அந்த உருளையை வாங்க வசதியில்லாத பட்டறையும் கவலைப்பட வேண்டாம். கத்தியைத் தீட்டிச் சமமாகப் பொருத்தி, நார் போகும் போக்கில், கடைசி ஓட்டத்தை மெல்லிதாகவும் மெதுவாகவும் விடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் வேலை வெகுவாக மிச்சம்.